கூலி நாளுக்கு முந்தைய வாரம்: கடன்பட்டவர் யார்?

சம்பளம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்துபோவது உழைக்கும் குடும்பங்களின் அன்றாட அனுபவம். மளிகைக் கடையில் கணக்கு ஏறுகிறது. மூக்குத்தியோ குத்துவிளக்கோ அடகுக் கடைக்குப் போகிறது. குழுக் கடன் தவணைக்காகப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கப்படுகிறது. இந்த நிலைமைக்கு வங்கிகளும் அரசும் ஒரு பெயர் வைத்திருக்கின்றன. அந்தப் பெயர் ‘நிதி எழுத்தறிவின்மை’. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதி எழுத்தறிவு வாரம் நடத்துகிறது. 2025 பிப்ரவரியில் நடந்த வாரத்தின் கருப்பொருள் பெண்களின் வளம். வரவு செலவு எழுதுக, தேவையையும் ஆசையையும் பிரித்தறிக, முதலில் சேமித்துப் பின்னர் செலவழிக்க என்பவை அங்கே சொல்லப்படும் அறிவுரைகள்.

இந்த அறிவுரைகள் பொய்யானவை அல்ல. கணக்கு எழுதும் குடும்பம் எழுதாத குடும்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே ஏமாறும். ஆயினும் கணக்கு நோட்டின் செலவுப் பக்கத்தை மட்டும் ஆராயும் அறிவுரை, வரவுப் பக்கத்தைத் தொடுவதே இல்லை. கூலி எவ்வளவு, அது எந்த நாளில் வருகிறது, எவ்வளவு நாள் தாமதமாக வருகிறது, அந்தத் தாமதத்தின் ஆதாயம் யாருக்குப் போகிறது என்ற நான்கு கேள்விகளையும் அது எழுப்புவதில்லை. நகரி போன்ற ஒரு விசைத்தறி ஊரை வைத்துப் பார்த்தால் இந்த நான்கு கேள்விகளின் கனம் விளங்கும்.

தறி ஓடினால்தான் கூலி

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த நகராட்சி நகரி. சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் உள்ள இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் என்று நீளும் இந்தப் பகுதியில் விசைத்தறியே பல்லாயிரம் வாய்களுக்குச் சோறு போடும் தொழில்.

இத்தொழிலின் அமைப்பு சிக்கலானது. நூலும் பாவும் மாஸ்டர் வீவரிடமிருந்து வரும். நெய்த துணி அவரிடமே திரும்பிப் போகும். நெய்பவருக்குக் கிடைப்பது துண்டுக்கூலி. சொந்த வீட்டில் இரண்டு தறி போட்டு ஓட்டுபவரும், பிறர் கூடத்தில் தறி ஓட்டுபவரும், வீட்டில் தார் சுற்றும் பெண்களும் இந்தச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகள். எல்லோருக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு: தறி ஓடினால்தான் கூலி. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். துணி தேங்கினால் தறி நிற்கும். மின்சாரம் போனால் தறி நிற்கும். 2022 ஏப்ரலில் மின்பற்றாக்குறை ஏற்பட்டபோது ஆந்திர அரசு தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ‘மின்விடுமுறை’ அறிவித்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது விடுமுறை. துண்டுக்கூலிக்காரருக்குத் தொழில் நின்ற ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள்.

துண்டுக்கூலியே முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு மிகவும் பொருந்திவரும் கூலி வடிவம் என்று ‘மூலதனம்’ முதல் பாகத்தில் மார்க்ஸ் விளக்கினார். வேலையின் தரத்தையும் வேகத்தையும் தொழிலாளியே தன்மீது கண்காணித்துக்கொள்ளும்படி அது செய்துவிடுகிறது என்றார். தொழில் நின்ற நாளின் இழப்பும் தொழிலாளியின் தலையிலேயே விழுகிறது என்பதை நகரியின் தறிக்கூடங்கள் காட்டுகின்றன. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் முதல், சட்டப்படி முதலாளியிடம் இருக்க வேண்டும். நடைமுறையில் அது நெசவாளியின் அடுப்படியிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஒரு குடும்பத்தின் நான்கு வாரங்கள்

பற்றாக்குறை எப்படிப் பிறக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். வாரக்கூலி 3,500 ரூபாய் பெறும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரங்களில் வரவு 14,000 ரூபாய். உணவுக்கும் அன்றாடச் செலவுக்கும் வாரம் 1,800. குழுக் கடன் தவணை வாரம் 600. முதல் வாரத்தில் வீட்டு வாடகை 2,500. இரண்டாம் வாரத்தில் மின்கட்டணமும் சமையல் எரிவாயுவும் சேர்ந்து 1,300. மூன்றாம் வாரத்தில் பள்ளிச் செலவும் மருந்தும் 600. எல்லாம் கூட்டினால் செலவும் சரியாக 14,000 ரூபாய். இந்தக் குடும்பம் ஒரு ரூபாய்கூட வீண் செய்யவில்லை. வரவுக்கு மிஞ்சியும் செலவழிக்கவில்லை.

ஆனால் முதல் வாரத்தில் செலவு 4,900 ரூபாய், வரவு 3,500. துண்டு விழுவது 1,400. இரண்டாம் வாரத்தில் மேலும் 200 குறைகிறது; மொத்தப் பற்று 1,600. மூன்றாம் வாரத்தில் 500 மிச்சமாகிப் பற்று 1,100 ஆகிறது. நான்காம் வாரத்தில் அதுவும் அடைபடுகிறது. மாதக் கணக்கு நேர். வாரக் கணக்கு கடன். நிதி எழுத்தறிவு முகாமில் இந்தக் குடும்பத்துக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதற்குத் தேவைப்படுவது 1,600 ரூபாய் கைமுதல் மட்டுமே.

அந்தக் கைமுதல் இல்லாததால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியில் 1,600 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 160 ரூபாய். ஆண்டுக்கு 1,920 ரூபாய். அதாவது அரை வாரக் கூலிக்கு மேல் வட்டியாகவே போகிறது. ஆண்டு முழுவதும் கட்டிய பின்பும் அடுத்த ஜனவரியில் அதே 1,600 ரூபாய்க்கு அதே கதவைத் தட்ட வேண்டும்.

இனி, இரண்டாம் வாரக் கூலி ஒரே ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகும்? அந்த வார முடிவில் பற்று 1,600 அல்ல, 5,100 ரூபாய். ஒரு வாரத் தாமதம் கடனை மூன்று மடங்குக்கும் மேலாக்கிவிடுகிறது. பட்ட காலிலே படும் என்பதற்குக் கணக்கு வழியாகக் கிடைக்கும் விளக்கம் இதுவே.

நோட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இதே அளவு கூலி பெறும் 50 தொழிலாளரின் ஒரு வாரக் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, எப்போதும் ஒரு வாரம் பின்தங்கியே கொடுக்கும் முதலாளியின் கையில் 1,75,000 ரூபாய் வட்டியில்லாமல் சுழல்கிறது. அந்தத் தொகையை வங்கியில் 12 விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் கட்டியிருப்பார். வங்கி கொடுக்க வேண்டிய கடனை ஐம்பது அடுப்படிகள் கொடுக்கின்றன. அந்த அடுப்படிகளே வெளியில் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்குகின்றன.

மார்க்ஸ் கண்ட மாவுக் கணக்கு

இந்த உறவை மார்க்ஸ் 1867இலேயே கவனித்திருந்தார். உழைப்புச் சக்தி என்ற சரக்கு பயன்படுத்தப்பட்ட பிறகே அதற்கு விலை கொடுக்கப்படுகிறது. ஆகவே எல்லா இடங்களிலும் தொழிலாளியே முதலாளிக்குக் கடன் கொடுக்கிறார் என்பது அவர் வாதம். அது வெறும் தத்துவ வாதமாக நிற்கக் கூடாது என்பதற்காக அவர் ஓர் எடுத்துக்காட்டையும் தந்தார். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்து ஊர் ஒன்றில் கூலி மாதத்துக்கு ஒரு முறை வழங்கப்பட்டது. அதனால் தொழிலாளி கடன் கொடுக்கும் ஒரே கடையோடு கட்டுண்டு கிடந்தார். மற்ற இடங்களில் ஒரு ஷில்லிங் பத்துப் பென்சுக்குக் கிடைத்த ஒரு ஸ்டோன் எடை மாவுக்கு அவர் இரண்டு ஷில்லிங் நான்கு பென்சு கொடுத்தார். ஆறு பென்சு கூடுதல். கால் பங்குக்கும் மேல். கூலி நாள் தொலைவில் இருந்ததற்கு அவர் கட்டிய அபராதம் அது.

இந்தியாவில் விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931இல் தந்த அறிக்கை, பெரும்பாலான தொழில் மையங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் குடும்பங்கள் கடனில் இருப்பதையும், பெரும்பாலோரின் கடன் மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டியிருப்பதையும் பதிவுசெய்தது. அதன் பின்னர் வந்ததே 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்தில் கூலிக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள், மற்ற இடங்களில் பத்தாம் நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று அது விதித்தது. ‘சம்பள தேதி’ என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் கிடைத்தது அப்போதுதான். எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்தது அல்ல அது. பம்பாய், சென்னை, கல்கத்தா ஆலைகளில் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்களின் பின்னணியில் கிடைத்தது.

தாமதத்துக்கு வட்டி யாருக்கு உண்டு?

பணம் தாமதமானால் அதற்கு வட்டி உண்டு என்பதை இந்தியச் சட்டம் நன்றாகவே அறியும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம், 2006இன்படி, சிறு தொழில் நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் அதிக அளவு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 1966இன்படி, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005, பதினைந்து நாட்களுக்குள் கூலி என்று விதித்தது. பதினாறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்று அதன் அட்டவணை சொன்னது. நூறு ரூபாய்க்கு ஒரு நாளைக்கு ஐந்து பைசா. கரும்பு விவசாயிகளும் வேலை உறுதித் திட்டத் தொழிலாளரும் அந்த வட்டியையும் இழப்பீட்டையும் பெறப் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் உரிமை என்ற ஒன்று தாளிலாவது எழுதப்பட்டிருந்தது.

விசைத்தறித் தொழிலாளியின் கூலி தாமதமானால் தானாகச் சேரும் வட்டி என்று எதுவும் இல்லை. அவர் அதிகாரியிடம் விண்ணப்பித்து, தான் அங்கே வேலை செய்ததை நிரூபித்து, இழப்பீடு கோர வேண்டும். வருகைப் பதிவேடும் கூலிச் சீட்டும் இல்லாத தறிக்கூடத்தில் இதை எதைக் கொண்டு நிரூபிப்பது?

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, தினக்கூலியை வேலைமுறை முடிவிலும், வாரக்கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும் தரச் சொல்கிறது. படிக்கும்போது நல்ல விதியாகவே தோன்றும். ஆனால் அதே தொகுப்பு ஆய்வாளரை ‘ஆய்வாளர் மற்றும் உதவியாளர்’ என்று மாற்றி, வழக்குத் தொடுக்கும் முன் முதலாளிக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. தாமதித்தவருக்கு அவகாசம் உண்டு. தாமதத்தால் பட்டினி கிடந்தவருக்கு அவகாசம் தர எந்த மளிகைக் கடைக்கும் சட்டம் இல்லை. வீட்டுத் தறி ஓட்டுபவரைத் தொழிலாளி என்று கருதாமல் ‘சொந்தத் தொழில் செய்பவர்’ என்று ஒதுக்கிவிடும் பழைய தந்திரமும் அப்படியே தொடர்கிறது.

கூலியின் அளவையும் மறந்துவிடலாகாது. தேசிய அடிமட்டக் கூலி 2017 ஜூன் மாதம் நாளொன்றுக்கு 176 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. ஒன்றிய அரசே அமைத்த அனூப் சத்பதி குழு 2019இல் 375 ரூபாய் பரிந்துரைத்தது. அது கிடப்பில் போடப்பட்டது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தபோது நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்று கணக்கிட்டது. ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உடுத்த வேண்டிய அந்தத் துணியைப் போலப் பல மடங்கு நெய்து தள்ளும் நெசவாளியின் வீட்டில் தீபாவளித் துணி தவணையில் வாங்கப்படுகிறது. மத்தியத் தொழிற்சங்கங்கள் மாதம் 26,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் கேட்பதும், 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் அதை முன்வைத்ததும் இந்தப் பின்னணியில் பார்க்கப்பட வேண்டியவை.

இடைவெளியில் புகுந்த கடன்

கூலி நாளுக்கும் செலவு நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு பெரும் தொழிலே வளர்ந்திருக்கிறது. தண்டல்காரரிடம் 1,000 ரூபாய் கடன் என்றால் கையில் வருவது 900; வாரம் 100 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். நூறு ரூபாய்தானே என்று தோன்றும். அசல் வாராவாரம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால் இந்த வட்டி வாரத்துக்குக் கிட்டத்தட்ட 2 விழுக்காடு. ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தொடுகிறது.

இதன் நவீன வடிவமே நுண்கடன் நிறுவனம். இதன் கொடுமையை இந்தியாவில் முதலில் முழு அளவில் கண்டது ஆந்திரம். தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில் 2010 அக்டோபர் 15 அன்று ஒன்றுபட்ட ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பின்னர் அது சட்டமாயிற்று. நிறுவனங்கள் மாவட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், வாரத் தவணைக்குப் பதில் மாதத் தவணை, வீட்டு வாசலில் அல்லாமல் பொது இடத்தில் வசூல், வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பவை அதன் விதிகள். வாரத் தவணையை மாதத் தவணையாக்கியது முக்கியமானது. வருமானம் வரும் நாளுக்கும் கடன் கட்டும் நாளுக்கும் உள்ள பொருத்தமின்மையே கடனைப் பெருக்குகிறது என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்ட தருணம் அது.

அந்தப் பாதுகாப்பு படிப்படியாக அரிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் புதிய நெறிமுறை நுண்கடன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. குடும்ப மாத வருமானத்தில் 50 விழுக்காடு வரை கடன் தவணையாக இருக்கலாம் என்று அனுமதித்தது. பாதி வருமானம் தவணைக்குப் போனால் மீதிப் பாதியில் வாடகையும் சோறும் மருந்தும் அடங்க வேண்டும். அதே 2022இல், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என்று கேரள, குஜராத் சட்டங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் கை கட்டப்பட்டது. 2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் அடாவடி வசூலைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. இவற்றோடு கைபேசிச் செயலிக் கடனும் சேர்ந்துகொண்டது. பத்து நிமிடத்தில் பணம் வரும்; பத்தாம் நாள் உறவினர் அனைவருக்கும் மிரட்டல் அழைப்பு வரும்.

சம்பள நாள் கடன் என்ற வணிகம் முதலாளித்துவத்தின் தலைமையகங்களிலும் தழைத்ததே. பிரிட்டனில் அதன் கொள்ளை எல்லை மீறியதால் 2015 ஜனவரியில், நாளொன்றுக்கு 0.8 விழுக்காட்டுக்கு மேல் வசூலிக்கக் கூடாது, மொத்தக் கட்டணம் அசலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. அங்கே வட்டிக்கு உச்சவரம்பு விதித்த ஏழே ஆண்டுகளில் இங்கே இருந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது.

கடன் இறுதியில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து வந்த செய்தி சாட்சி. கடன் சுமையில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்துத் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியது அம்பலமானது. நகரியில் ஓடும் தறியும் பள்ளிபாளையத்தில் ஓடும் தறியும் ஒரே தொழில். துண்டுக்கூலியும் முன்பணமும் இரண்டு இடங்களுக்கும் தெரிந்த சொற்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி அதைக் கட்டி முடிக்கும் வரை வேறு தறிக்குப் போக முடியாது என்றால், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 பேசும் நிலைமைக்கும் அதற்கும் அதிகத் தூரமில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நினைவுகூரத் தக்கது.

‘குடித்து அழிக்கிறார்கள்’ என்ற வாதம்

கூலி போதாமை பற்றிப் பேசினால் உடனே எழும் மறுப்பு, ‘பாதிக் கூலி மதுக்கடைக்குப் போகிறதே’ என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த உண்மையின் சுமையைத் தாங்குவது பெண்கள். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கி 1992இல் ஆந்திரம் முழுவதும் பரவிய சாராய எதிர்ப்புப் போராட்டம் அவர்கள் நடத்தியது. 1993இல் சாராயமும், 1995இல் மது முழுவதும் தடை செய்யப்பட்டன. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே நெல்லூர்ப் பெண்கள் சேமிப்புக் குழுக்களாகத் திரண்டார்கள். கூலியைக் காப்பாற்றும் போராட்டமும் சேமிப்பும் இரட்டைப் பிறவிகள் என்பதற்கு இது வரலாற்றுச் சான்று.

மதுவிலக்கு சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. 2024 அக்டோபரில் ஆந்திர அரசு 3,396 தனியார் மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கி, குவார்ட்டர் 99 ரூபாய்க்குக் கிடைக்கவும் வழி செய்தது. ஒரு கையால் மலிவு மதுவும் மறு கையால் சிக்கன அறிவுரையும் தரும் அரசுக்குத் தொழிலாளியின் ஒழுக்கம் பற்றிப் பேசும் தகுதி எங்கிருந்து வந்தது?

முதல் தேதி என்பது சாத்தியமே

அரசு நினைத்தால் பணம் குறித்த நாளில் வீடு தேடி வரும் என்பதை ஆந்திரமே காட்டியிருக்கிறது. 2024 ஜூலை முதல் முதியோர் ஓய்வூதியம் 4,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு மாதத்தின் முதல் நாளில் வீட்டிலேயே வழங்கப்படுகிறது. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும், நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும், அந்தப் பணம் அந்த நாளில் வரும் என்ற உறுதி பல குடும்பங்களின் மாதத் தொடக்கத்தைத் தாங்கி நிற்கிறது. உழைத்துக் களைத்த முதியவருக்குக் கிடைக்கும் இந்த உறுதி, உழைத்துக்கொண்டிருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

அரசின் சலுகைகள் யாரைச் சென்றடைகின்றன என்பதும் கேட்கப்பட வேண்டும். 2025இல் ஆந்திர அரசு கைத்தறிக்கு 200 யூனிட், விசைத்தறிக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் அறிவித்தது. சொந்தமாக இரண்டு தறி வைத்திருக்கும் ஏழை நெசவாளிக்கு அது உதவி, வரவேற்கத் தக்கது. ஆனால் மின் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே சலுகை. பிறர் கூடத்தில் தறி ஓட்டுபவருக்கும் தார் சுற்றும் பெண்ணுக்கும் அதில் ஒரு பைசாவும் சேராது. சலுகையைப் பெறும் கூடம் குறித்த நாளில் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையை விதித்தால், புதிய செலவு எதுவுமின்றி அரசு நெசவாளிக்குப் பெரும் நன்மை செய்ய முடியும்.

மாஸ்டர் வீவரும் வியாபாரியிடம் பணம் வராமல் தவிக்கிறாரே என்ற கேள்வி நியாயமானது. சிறு உற்பத்தியாளரைப் பெருவணிகம் சுரண்டுவது உண்மை. அவருக்கு 45 நாள் சட்டம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பெருவணிகத்தோடு அவர் மோத வேண்டும். அந்தப் போராட்டத்தில் தொழிற்சங்கம் அவருக்குத் துணை நிற்கவும் முடியும். மேலிருந்து வரும் தாமதத்தைக் கீழே தள்ளிவிட்டு நெசவாளியின் சோற்றில் கைவைப்பதை மட்டும் ஏற்க முடியாது.

செய்ய வேண்டியவை

வீட்டளவில் செய்யக்கூடியது சிறிதே ஆயினும் அதை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. எந்த வாரத்தில் எந்தச் செலவு வருகிறது என்று எழுதிவைப்பதும், வாடகையையும் தவணையையும் கூலி வரும் நாளுக்கு ஒட்டி மாற்றிக் கேட்பதும், துண்டு விழும் தொகை எவ்வளவு என்று தெரிந்து அந்த அளவுக்கு மட்டும் கடன் வாங்குவதும் வட்டியைக் குறைக்கும். 1,600 ரூபாய் போதும் இடத்தில் 20,000 ரூபாய்க் குழுக் கடன் வாங்கச் சொல்லி வாசலில் நிற்பவரை மறுக்கும் துணிவு இந்தக் கணக்கிலிருந்து பிறக்கும்.

அடுத்தது கூட்டாகச் செய்யக்கூடியது. வாரந்தோறும் சிறு தொகை போட்டு, கூலி தாமதமான உறுப்பினருக்கு வட்டியின்றியோ குறைந்த வட்டியிலோ இரண்டு மூன்று வாரங்களுக்குக் கைமாற்றுத் தரும் சிக்கனக் கூட்டுறவை நெசவாளர் சங்கங்கள் அமைக்க முடியும். வாரம் 20 ரூபாய் வீதம் 100 பேர் போட்டால் ஓர் ஆண்டில் 1,04,000 ரூபாய் சேரும். ஒரே நேரத்தில் 65 குடும்பங்களுக்கு 1,600 ரூபாய் தர அது போதும். தண்டல்காரர் தெருவுக்குள் வரும் வழி அங்கே அடைபடும். சங்கத்துக்குச் சந்தா வாங்க மட்டுமே போகும் தோழர், கடைசி வாரத்தில் கைமாற்றோடும் போனால் அந்தச் சங்கம் வேரூன்றும்.

ஆனால் சிக்கனக் கூட்டுறவு தாமதத்தைத் தாங்க உதவுமே ஒழிய அதை ஒழிக்காது. குறைந்த கூலியை உயர்த்தாது. அதற்குப் போராட்டமே வழி. ஒவ்வொரு தறிக்கூடத்திலும் வருகைப் பதிவேடும் கூலிச் சீட்டும். வீட்டுத் தறி ஓட்டுபவருக்கும் தார் சுற்றும் பெண்ணுக்கும் தொழிலாளி என்ற அங்கீகாரம். தறி நிற்கும் நாட்களுக்குக் குறைந்தபட்ச உத்தரவாதக் கூலி. தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் விண்ணப்பிக்காமலேயே சேரும் வட்டி. நுண்கடன் வட்டிக்கு மீண்டும் உச்சவரம்பு. கூலி நாளையொட்டிய தவணை. இவை ஒவ்வொன்றும் நகரி வருவாய்க் கோட்ட அலுவலகம் முதல் நாடாளுமன்றம் வரை எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள். தெலுங்கிலும் தமிழிலும் துண்டறிக்கை அச்சிட்டு, எல்லைக்கு அப்பால் உள்ள விசைத்தறிச் சங்கங்களோடும் இணைந்து இவற்றை முன்னெடுக்க வேண்டும். நூலும் துணியும் வியாபாரியும் மாநில எல்லையைத் தாண்டும்போது, கோரிக்கை மட்டும் எல்லையில் நின்றுவிடலாகாது.

2023 டிசம்பர் 12 முதல் ஆந்திரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் 42 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் ஏவப்பட்ட பின்னும் அவர்கள் கலையவில்லை. மாதம் 11,500 ரூபாய் பெறும் பெண்களுக்கு 42 நாட்கள் ஊதியமின்றி இருப்பது என்ன பொருள் என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அந்த நாட்களை அவர்கள் கடந்தது நிதி எழுத்தறிவால் அல்ல. சங்கத்தாலும் ஒருவர்க்கொருவர் கொடுத்த கைமாற்றாலும். வரவு செலவு நோட்டின் வரவுப் பக்கத்தைத் திருத்தி எழுத வேறு வழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.